ட்ரிங்க் எப்படி ட்ரெஞ்ச் ஆனது?

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் செம்மறி வளர்ப்பவர்கள் குடற்புழு மருந்தை ஆட்டின் வாய்க்குள் குழல் வைத்துச் செலுத்துவார்கள். அந்த வேலைக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'ட்ரெஞ்ச்' (drench). மழையில் தொப்பலாக நனைவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். இரண்டில் எது மூத்த பொருள் என்று கேட்டால், ஆட்டுக்காரர்களுடையதுதான். பழைய ஆங்கிலத்தில் 'ட்ரெஞ்சன்' என்றால் குடிக்க வைப்பது. நம் ஊரில் மாட்டுக்கு மருந்து புகட்டுகிறோமே, அது.

ட்ரிங்க் என்பதிலிருந்துதான் ட்ரெஞ்ச் பிறந்தது. ஆனால் உயிரும் மாறியிருக்கிறது, கடைசி மெய்யும் மாறியிருக்கிறது. இது எப்படி நடந்தது என்பதுதான் இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஆங்கிலத்தின் தாய்மொழியான ஜெர்மானிய மூலமொழியில், 'குடித்தான்' என்ற பொருள் தரும் 'ட்ரங்க்' வடிவத்தோடு ஒரு 'இய' விகுதியைச் சேர்த்தால் 'குடிக்க வை' என்று பொருள் வரும். அகரத்தைச் சொல்லும்போது நாக்கு தாழ்ந்து கிடக்கும். இகரத்துக்கும் யகரத்துக்கும் அது முன்பக்கமாக மேலே எழ வேண்டும். பேசுகிறவரின் நாக்கு, அடுத்து வரப்போகும் ஒலிக்கு முன்கூட்டியே தயாராகிவிடும். அப்படித் தயாரானதில் அகரம் மெல்ல எகரமானது. ககரமும் மேலண்ணத்தை நோக்கி நகர்ந்து சகரமானது. அப்புறம், இத்தனைக்கும் காரணமான அந்த விகுதியே தேய்ந்து மறைந்துவிட்டது. உயிர் மாற்றம் கி.பி. 6, 7-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி நடந்தது என்கிறார்கள் மொழியியலாளர்கள். ஃபுட் பன்மையில் ஃபீட் ஆவதும், விழுவதற்கு ஃபால் என்றும் மரத்தை வெட்டி வீழ்த்துவதற்கு ஃபெல் என்றும் இருப்பதும் இதே மாற்றத்தின் தடங்கள்.

தமிழில் தன்வினையைப் பிறவினையாக்கும் வேலையைப் பெரும்பாலும் மெய்யெழுத்து பார்த்துக்கொள்கிறது. நான் நனைந்தேன், துணியை நனைத்தேன். வண்டி ஓடுகிறது, வண்டியை ஓட்டுகிறேன்.

சரி, குடிக்க வைப்பது நனைப்பதாக மாறியது எப்படி? இடைக்கால ஆங்கிலத்தில் ட்ரெஞ்ச் என்றால் நீரில் மூழ்கடிப்பது என்றும் பொருள். மூழ்குகிறவர் வேண்டாமலே தண்ணீர் குடிக்கிறார் அல்லவா? அங்கிருந்து, 16-ஆம் நூற்றாண்டுக்குள், முழுக்க நனைப்பது என்ற பொருள் நிலைத்துவிட்டது.

ட்ரெஞ்ச் தனியாக இல்லை. ஊறுவதைச் சொல்லும் வேறு சில சொற்களும் குடிப்பது, வயிறு நிறைவது ஆகியவற்றோடு உறவுள்ளவை. ஊறவைப்பதைக் குறிக்கும் 'சோக்' (soak) என்ற சொல், உறிஞ்சுவதைக் குறிக்கும் 'சக்' என்பதன் உறவு. கொண்டைக்கடலை தண்ணீரில் ஊறும்போது உண்மையில் நடப்பதும் அதுதான்: உள்ளே இருக்கும் புரதமும் மாவுச்சத்தும் நீரை இழுத்துக்கொண்டு வீங்குகின்றன. ஒரு திரவம் இதற்குமேல் உப்பைக் கரைக்காது என்ற நிலையை வேதியியலில் 'சாச்சுரேட்டட்' என்கிறோம். அதன் வேர், வயிறு நிறைந்தவனைச் சொல்லும் 'சத்துர்' என்ற லத்தீன் சொல். துயரத்தைக் குறிக்கும் 'சேட்' கூட இந்தக் குடும்பம்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு நிறைந்தது, போதும்போதும் என்றானது என்று பொருள். நிறைவு சலிப்பாகி, சலிப்பு சோகமாகிவிட்டது. ஜெர்மன் மொழியில் இன்றும் 'ஸாட்' என்றால் வயிறு நிறைந்துவிட்டது என்றுதான் பொருள்.

மசாலாவில் இறைச்சியை ஊற வைக்கும் 'மேரினேட்' என்ற சொல் கடலோடு தொடர்புடையது. முதலில் அது உப்புநீரில் பதப்படுத்துவதைக் குறித்தது.

குடிக்கும் குடும்பத்தில் சேராத இன்னொன்றும் உண்டு. ஆளிச்செடியின் தண்டுகளை நீரில் போட்டு நார் எடுப்பது 'ரெட்டிங்'. அழுகலைக் குறிக்கும் 'ராட்' அதற்கு உறவு. பொருத்தமான பெயர், ஏனென்றால் அங்கே வேலை செய்வது நீர் மட்டும் அல்ல. நார்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினை நுண்ணுயிர்கள் தின்று கரைக்கின்றன. கேரளக் காயல்களில் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் மூழ்கவைத்துக் கயிற்றுநார் எடுப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான்.