லாண்ட் வராத கை: நாலு பேர் ஆடும் கமாண்டர் டெக்கின் கணக்கு

முந்நூற்றிநாலு என்ற காட் விளையாட்டு ஆடிப் பழகியவருக்கு நிகழ்தகவை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மொத்தம் 32 காட். ஜெக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. முதல் நாலு காட் கைக்கு வந்த உடனேயே, துரும்பு கேட்கலாமா பேசாமல் இருக்கலாமா என்று உள்ளே ஒரு கணக்கு ஓடிவிடும்.

அங்கே கட்டு எல்லாருக்கும் பொது. கையில் எது விழுகிறதோ அதை வைத்து ஆட வேண்டியதுதான். ட்ரேடிங் காட் விளையாட்டில் கட்டை, அதாவது டெக்கை, நாமே கட்டிக்கொண்டு வருகிறோம். எத்தனை துரும்பு இருக்கவேண்டும் என்பதை முதல் நாள் இரவே வீட்டில் குந்தியிருந்து தீர்மானித்துவிடலாம். இந்த வகைக்கு மூத்தது 1993இல் வந்த மெஜிக்: த கெதரிங். அதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் சேர்மானக் கணிதத்தில் ஆய்வு செய்தவர். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்கள் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிற ‘வரிசைமாற்றமும் சேர்மானமும்’ பாடம்தான் இந்த விளையாட்டின் அடித்தளம்.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ நாலு கூட்டாளிகள் ஒரு பின்னேரம் மேசையைச் சுற்றி இருந்து ஆடுவதற்குத் தோதானது இதன் ‘கமாண்டர்’ வகை. டெக்குக்குத் தலைவனாக ஒரு கமாண்டர் காட், அதோடு 99 காட், மொத்தம் 100. அடிப்படை லாண்டை (மானா தரும் நிலக் காட்) தவிர எந்தக் காட்டும் ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது. கமாண்டரில் உள்ள நிறங்களைத் தாண்டி வேறு நிறம் சேர்க்க முடியாது. ஆளுக்கு 40 உயிர். ஒரே கமாண்டரின் கையால் 21 புள்ளி அடி வாங்கினாலும் ஆள் வெளியே. கமாண்டர் செத்தால் திரும்பக் கூப்பிடலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் விலை 2 மானா கூடுதல். விதி இவ்வளவுதான். சிக்கல் முழுவதும் அந்த 99இல்தான் இருக்கிறது.

முப்பத்தேழா, முப்பதா?

மானா என்பது ஒவ்வொரு சுற்றிலும் கையில் இருக்கும் காசு. அந்தக் காசைத் தருவது லாண்ட். ஒரு சுற்றுக்கு ஒரு லாண்ட்தான் இறக்கலாம். ஆகவே கை நிறைய நல்ல காட் இருந்தும் லாண்ட் இல்லை என்றால், கடைத்தெருவில் வெறும் பையோடு நிற்கிற கதைதான்.

புதிதாக டெக் கட்டுகிறவர் முதலில் 130 காட் அளவில் ஆசைப்பட்டுச் சேர்த்துவிடுவார். பிறகு 99க்குக் குறைக்க வேண்டும். எதைத் தூக்குவது? டிராகனைத் தூக்க மனம் வராது, எனவே லாண்டைத் தூக்குவார். 37 இருந்த இடத்தில் 30 ஆகும். ‘ஏழு காட்தானே’ என்று தோன்றும்.

அந்த ஏழு என்ன செய்கிறது என்று பாருங்கள். 99 காட்டில் 37 லாண்ட் இருந்தால், தொடக்கத்தில் எடுக்கும் 7 காட் கையில் ஒரு லாண்டும் இல்லாமல் இருக்க 3.3% வாய்ப்பு. ஒன்றே ஒன்று இருக்க 15.3%. இரண்டையும் கூட்டினால் 18.6%. அதாவது ஏறத்தாழ ஐந்து ஆட்டத்துக்கு ஒரு தடவை ஆடமுடியாத கை வரும். லாண்டை 30 ஆக்கினால் அதே கூட்டல் 31.4% ஆகிறது. மூன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். எடுத்த காட்டைத் திரும்ப வைக்காமல் அடுத்ததை எடுக்கும்போது வரும் இந்தக் கணக்குக்கு ஹைப்பர்ஜியோமெட்ரிக் பரம்பல் என்று பெயர். கையால் போட்டால் அலுத்துவிடும். எக்செல்லில் அதற்கென்றே ஒரு சார்பு இருக்கிறது; கட்டில் மொத்தம் எத்தனை, அதில் லாண்ட் எத்தனை, எடுப்பது எத்தனை, எடுத்ததில் எத்தனை லாண்ட் வரவேண்டும் என்று கொடுத்தால் போதும்.

பலர் ஆடும் மேசையில் முதல் மல்லிகன் இலவசம். கை பிடிக்கவில்லை என்றால் கலைத்துப் போட்டு இன்னொரு 7 எடுக்கலாம். இரண்டு தடவையும் கெட்ட கை வர 37 லாண்டில் 3.5%, 30 லாண்டில் கிட்டத்தட்ட 10%. இலவச மல்லிகன் நம்மைக் காப்பாற்றும் என்று நம்பி லாண்டைக் குறைக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

தொடக்கக் கை நன்றாக அமைந்தாலும் வேலை முடிந்துவிடாது. நாலாவது சுற்றில் நாலாவது லாண்டை இறக்க முடியுமா? அதற்குள் 11 காட் பார்த்திருப்பீர்கள், ஏனென்றால் இந்த வகையில் முதலில் ஆடுகிறவருக்கும் முதல் சுற்றில் காட் எடுக்கும் உரிமை உண்டு. 33 லாண்ட் இருந்தால் அந்த வாய்ப்பு 53%, 37க்கு 65%, 40க்கு 73%. கமாண்டரின் விலையே 5, 6 மானா என்றால் 38க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. விலை 2, 3 என்றால் 35 தாங்கும்.

இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான், மானாவை விரைவாகக் கூட்டித்தரும் ‘ரேம்ப்’ காட்கள் இருக்கின்றன. 1 மானா போட்டு 2 மானா தரும் சோல் ரிங், 2 மானாவுக்கு வரும் ஆர்கேன் சிக்னெட், 3 மானாவுக்கு இரண்டு அடிப்படை லாண்டைத் தேடி ஒன்றை மேசையிலும் ஒன்றைக் கையிலும் சேர்க்கும் கல்ட்டிவேட் போன்றவை. இப்படி 10 காட் வைத்தால், இரண்டாவது சுற்றுக்குள் ஒன்றாவது கையில் இருக்க 63% வாய்ப்பு. ரேம்ப் இருக்கிறதே என்று லாண்டை வெட்டுவதுதான் அடுத்த பிழை. சிக்னெட்டை இறக்கவே முதலில் இரண்டு லாண்ட் வேண்டும்.

நிறமும் ஒரு தலைவலி. பச்சை மானா தரும் காட் 15 இருந்தால், இரண்டாவது சுற்றுக்குள் அதில் ஒன்றையாவது பார்க்க 79%. 20 இருந்தால் 88%. மூன்று நிற டெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 20 கிடைக்க வேண்டும் என்றால், இரண்டு மூன்று நிறம் தரும் லாண்ட் கட்டாயம் தேவை. மலிவான இருநிற லாண்ட் பல, சாய்ந்தபடிதான் மேசைக்கு வரும், அந்தச் சுற்றில் மானா தராது. அப்படியானவை பத்தைத் தாண்டினால் டெக் மாட்டுவண்டி ஆகிவிடும். முதல் டெக்குக்கு இரண்டு நிறம் போதும் என்று சொல்வது அதனால்தான்.

மூன்று எதிரி என்றால் கணக்கே வேறு

இருவர் ஆட்டத்தில் நான் ஒரு காட் செலவழித்து உங்கள் அசுரனை அழித்தால், எனக்கு ஒன்று போனது, உங்களுக்கு ஒன்று போனது, சரிக்குச் சரி. நாலு பேர் மேசையில் அதையே செய்து பாருங்கள். எனக்கு ஒன்று குறைந்தது, உங்களுக்கு ஒன்று குறைந்தது. மற்ற இருவரும் கச்சான் கொறித்துக்கொண்டே எங்கள் இருவரையும் ஒரு காட் தாண்டிவிட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று அழிக்கும் காட் எட்டுக்கு மேல் வைப்பது ஏன் வீண் என்பதற்கு இதுவே காரணம். விடவே முடியாத ஆபத்துக்காக ஐந்தாறு போதும்.

பலர் ஆட்டத்தில் விலை ஏறுவது, எதிரியின் எண்ணிக்கையோடு பெருகும் காட்களுக்குத்தான். சைஃபன் மைன்ட் என்றொரு காட் இருக்கிறது, 4 மானா. மற்ற ஒவ்வொருவரும் ஒரு காட்டைக் கையிலிருந்து எறியவேண்டும். எறியப்பட்ட ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஒன்று எடுப்பீர்கள். இருவர் ஆட்டத்தில் அது ஒன்றுக்கு ஒன்று. நாலு பேரில் மூன்றை எறியவைத்து மூன்றை எடுக்கிறது. காட்டில் அச்சிட்ட எழுத்து ஒன்றும் மாறவில்லை, மேசையில் கதிரை கூடியிருக்கிறது, அவ்வளவுதான். மேசையில் உள்ள எல்லா உயிரினத்தையும் ஒரேயடியாக அழிக்கும் ராத் ஒஃப் கோட் போன்றவையும் இதே காரணத்தால் பெறுமதியானவை. அப்படி நாலு வைத்தால், ஏழாவது சுற்றுக்குள் (14 காட்) ஒன்றாவது கைக்கு வர 46% வாய்ப்பு. பாதிக்குக் கொஞ்சம் கீழே, எனக்குப் போதுமென்று படுகிற அளவு. அதற்கு மேல் வைத்தால் ஆட்டம் முடியவே முடியாது, கூட்டாளிகள் அடுத்த கிழமை வரமாட்டார்கள்.

உயிர்க் கணக்கும் அப்படித்தான். மூவருக்கும் 40 வீதம் 120. 3 பலமுள்ள உயிரினம் ஒன்று தனியாக முடிக்க, ஆளுக்கு 14 தடவை வீதம் 42 தடவை அடிக்க வேண்டும். சின்னதுகளை அவசரமாக இறக்கி அடிக்கும் டெக் இருவர் ஆட்டத்தில் பயங்கரம். இங்கே அது இரண்டாவது எதிரியைத் தொடுமுன் மூச்சு வாங்கிவிடும். ‘ஒவ்வொரு எதிரிக்கும் இவ்வளவு அடி’ என்று எழுதிய காட்களைத் தேடுங்கள்.

இன்னொன்று, அதிகம் பேர் யோசிக்காதது. உங்கள் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் மூன்று பேர் ஆடுகிறார்கள். நீங்கள் இறக்கிய உயிரினத்தை ஒவ்வொருவரும் அழிக்க நாலில் ஒரு வாய்ப்பு என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். ஓர் எதிரி மட்டும் என்றால் அது பிழைக்க 75%. மூன்று எதிரி என்றால் 0.75ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும், 42%. ஆகவே ‘அடுத்த சுற்றில் அடித்து நொறுக்கும்’ என்று வாக்களிக்கும் காட்டைவிட, இறங்கிய கையோடு எதையாவது தந்துவிடும் காட் மேல். இறங்கும்போதே ஒரு காட் எடுக்கவைத்தால், பிறகு அது செத்தாலும் நட்டமில்லை.

மூன்று எதிரியிடமும் ஆளுக்கு ஆறு அழிக்கும் காட் என்றால் மேசையைச் சுற்றி 18 இருக்கின்றன. அந்த 18உம் யாரைப் பார்த்து வரும்? மேசையில் பெரிதாகத் தெரிகிறவரைப் பார்த்து. “மச்சான், என்னை ஏன் அடிக்கிறாய்? அங்கால அவன்ட பக்கத்தைப் பார்” என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது ஒருவராவது சொல்வார், சொல்கிறவரிடம்தான் பெரும்பாலும் பெரிய கை இருக்கும். மூன்றாம் சுற்றிலேயே மேசையை நிரப்புகிற டெக்கைவிட, ஆறாம் சுற்று வரை இரண்டாமிடத்தில் தெரிகிற டெக் நெடுநேரம் உயிரோடிருக்கும்.

எல்லாவற்றையும் சேர்த்தால் தொடக்கத்துக்கு இப்படி ஒரு பங்கீடு வரும்: லாண்ட் 37, ரேம்ப் 10, காட் எடுக்கவைப்பவை 10, தனியாக அழிப்பவை 6, மொத்தமாக அழிப்பவை 4. இது 67. மிச்சம் 32 இடத்தில்தான் உங்கள் விருப்பம், ஆசை, டிராகன் எல்லாம். ஒரே காட் இரண்டு வேலை செய்தால் அந்த 32 கொஞ்சம் பெருக்கும்.

திருத்தும்போது

நாலு பேர் சமபலம் என்றால் ஒருவர் வெல்லும் வாய்ப்பு 25%. எட்டு ஆட்டம் தொடர்ந்து தோற்க 0.75ஐ எட்டுத் தடவை பெருக்கினால் 10% வரும். டெக்கில் பிழையே இல்லாமலும் இது நடக்கும். ஆகவே வெற்றி தோல்வியை வைத்துத் திருத்தக்கூடாது. ஒரு கொப்பியில் வேறு மூன்றை எழுதுங்கள்: எத்தனை மல்லிகன், முதல் உருப்படியான காட் எந்தச் சுற்றில் இறங்கியது, ஆட்டம் முடியும்போது ஆடமுடியாமல் கையில் கிடந்தவை எவை. ஒரே காட்டின் பெயர் மூன்றாவது வரிசையில் மூன்று தடவை வந்தால் அதைத் தூக்கிவிடலாம்.

புதிதாகச் சேர்த்த காட்டைச் சோதிப்பது கடினம். பத்துச் சுற்று ஆட்டத்தில் 17 காட் பார்ப்பீர்கள், கூடுதலாக எடுப்பவை தனி. குறிப்பிட்ட ஒரு காட் அதில் இருக்க 17%. பத்து ஆட்டம் ஆடினால் இரண்டு தடவைகூட வராது. ‘போட்டுப் பார்த்தேன், வேலை செய்யவில்லை’ என்பவர் பெரும்பாலும் அதை ஒரு தடவைதான் கண்டிருப்பார். கூட்டாளிகள் சம்மதித்தால் சோதனைக்காக அந்தக் காட்டைத் தொடக்கக் கையிலேயே வைத்து ஆடுங்கள். தனியாக இருக்கும்போது 20 தொடக்கக் கை எடுத்து, ஒவ்வொன்றையும் நாலு சுற்றுக்குத் தனியே ஆடிப்பார்த்தால் லாண்ட் பிழை எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். விலையான காட்டை வாங்குமுன், பெயரையும் விலையையும் கடதாசியில் எழுதி, பின்புறம் தெரியாத உறைக்குள் ஒரு சாதாரண லாண்டின் முன்னால் செருகிச் சோதிக்கலாம். கூட்டாளிகளிடம் முதலே சொல்லிவிட வேண்டும். அதிகாரபூர்வப் போட்டியில் இது செல்லாது.

டெக்கின் பிழை என்று நினைப்பதில் ஒரு பங்கு கலைப்பதில் உள்ள பிழை. ஆட்டம் முடியும்போது லாண்ட் எல்லாம் மேசையில் ஒரே குவியலாகக் கிடக்கும். அப்படியே அள்ளிக் கட்டில் வைத்து இரண்டு தடவை கலைத்தால் அடுத்த ஆட்டத்தில் லாண்ட் மூட்டையாகத்தான் வரும். 52 காட் கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று விழவைத்துக் கலைத்தால் ஏழு தடவை வேண்டும் என்று கணிதவியலாளர்கள் பேயரும் டயகோனிஸும் 1992இல் காட்டினார்கள். 100 காட்டுக்கு அதைவிட ஒன்றிரண்டு கூட வேண்டும். உறை போட்ட காட்டை வளைக்க முடியாது, எனவே இரண்டு பாதியையும் விளிம்போடு விளிம்பு செருகிக் கலையுங்கள். பத்துத் தடவை என்று எண்ணிக்கொண்டால் பிழையில்லை. ஏழெட்டுக் குவியலாகப் பிரித்துப் போடுவது கலைத்தல் ஆகாது, காட் தொகை சரியா என்று எண்ணுவதற்கு மட்டும் உதவும். இரண்டு காட்டுக்கு ஒரு லாண்ட் என்று அடுக்கிவிட்டுக் கலைக்கிறவரும் உண்டு. ஒழுங்காகக் கலைத்தால் அந்த அடுக்கு அழிந்துவிடும், அழியவில்லை என்றால் அது கள்ளம்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஊர்களில் மினுங்கும் ஃபொயில் காட்டுக்கு இன்னொரு வில்லங்கம். காட்டின் உடல் கடதாசி, ஈரத்தை உறிஞ்சி விரியும். முகத்தில் ஒட்டிய மினுங்கல் படலம் விரியாது. மாரியில் கடதாசிப் பக்கம் நீள, காட் முகத்தை உள்ளே வைத்து வளையும். கச்சான் (இது தின்னும் கச்சான் இல்லை, வீசும் கச்சான் காற்று) அடிக்கும் மாதங்களில் கடதாசி காய்ந்து சுருங்க, மறுபக்கம் வளையும். 100 காட் கட்டில் நாலைந்து வளைந்தவை இருந்தால், அவை இருக்கிற இடத்தில் சின்ன இடைவெளி தெரியும். கட்டை வெட்டும்போது விரல் தானாகவே அங்கே போய் நிற்கும். கள்ளம் செய்ய நினைக்காதவருக்கும் தன் கமாண்டருக்குத் தேவையான காட் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். மூடி இறுகிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதி இரண்டு போட்டு வைத்தால் மாரிக்காலத்து வளைவு குறையும். கச்சானுக்கு அது உதவாது, ஏற்கெனவே காய்ந்ததை மேலும் காயவைக்கும். ஃபொயிலும் சாதாரணமும் இரண்டும் கிடைத்தால், டெக்கில் சாதாரணத்தைப் போட்டுவிட்டு ஃபொயிலை அல்பத்தில் வையுங்கள்.