ஓ'நீல்ல இருக்கற அந்த 'ஓ' யாரு?

போன வாரம் ஒரு வாசகர் மெயில் போட்டிருந்தார். சென்னையில ஒரு சப்போர்ட் டீம்ல நைட் ஷிஃப்ட் பாக்கறாராம். அயர்லாந்து கஸ்டமர் ஒருத்தரோட பேரு ஃபார்ம்ல ஏறவே மாட்டேங்குது, ஓ போட்டு மேல ஒரு கொக்கி போட்டு நீல்னு அடிச்சா எர்ரர் வருது, கொக்கிய எடுத்துட்டா அந்த ஆள் இது என் பேரே இல்லன்னு கோச்சுக்கறார். "அந்த ஓ என்ன சார், நம்ம ஊர் இனிஷியல் மாதிரியா? எல்லா ஓ'நீலும் ஒரே குடும்பமா?"ன்னு கேட்டிருந்தார். ரெண்டாவது கேள்வி இருக்கே, அதுக்குள்ள போனா வெளிய வர ஒரு வாரம் ஆச்சு எனக்கு.

மொதல்ல ஈஸியான பதில். இனிஷியல் இல்ல. அயர்லாந்து மொழியில ஓ-ன்னா பேரன், வம்சத்துல வந்தவன். எழுத்து மேல சாய்வா ஒரு கோடு போடுவாங்க, இங்கிலீஷ்காரங்க எழுதறப்ப அது பக்கத்துல சரிஞ்சு கொக்கியாயிடுச்சு. மகன்னா மாக், பொண்ணுங்க பேருல ஓவுக்கு பதிலா 'நீ'ன்னு வரும். நம்மளும் பேரன்னு சொல்றோமே, அது பெயரன், தாத்தா பேர சுமக்கறவன். கிட்டத்தட்ட அதே யோசனைதான், ஆனா அவங்க அதை ஒரு தலைமுறையோட விடாம அப்படியே ஃப்ரீஸ் பண்ணி குடும்பப் பேரா ஆக்கிட்டாங்க.

சரி, யாரோட பேரன்? இங்கதான் பாதி பேர் தப்பு பண்றாங்க. நீல்ங்கறது நயல்ங்கற பேரோட இன்னொரு வடிவம், நயல்னு ரெண்டு ராஜா. ஒருத்தர் அஞ்சாம் நூற்றாண்டு, 'ஒன்பது பிணைக்கைதி நயல்'னு பட்டப்பேர், பாதி வரலாறு பாதி கதை. அவர் வம்சம்னு சொல்லிக்கிட்ட ராஜாக்கள்தான் அயர்லாந்தோட வடக்குப் பக்கத்த பல நூறு வருஷம் ஆண்டாங்க. ஆனா குடும்பப் பேருல இருக்கற நயல் இவர் இல்ல, இவர் வழியில வந்த 'கருப்பு முழங்கால் நயல்'. 919ல டப்ளின் பக்கம் வைக்கிங்குங்க கூட சண்டை போட்டு செத்தார். அவரோட பேரன் டோனல் காலத்துலதான் 'நயலோட பேரன்'ங்கறது நிலையான பேரா ஆகுது. ஐரோப்பாவுலயே ரொம்ப சீக்கிரம் குடும்பப் பேர் பிடிச்ச ஊர்கள்ல அயர்லாந்தும் ஒண்ணு.

இப்ப எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வரேன். பேரு அப்பாகிட்ட இருந்து மகனுக்குப் போகுது. ஒய் குரோமோசோமும் அப்பாகிட்ட இருந்து மகனுக்குப் போகுது. அப்ப ஒரே பேரு இருக்கறவங்களுக்கு ஒரே ஒய் இருக்கணும்ல? மத்த குரோமோசோமெல்லாம் ஒவ்வொரு தலைமுறையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைஞ்சுதான் போகும், பத்தாவது படிச்சவங்களுக்கு தெரியும். ஒய்ல ரெண்டு நுனிய விட்டா மீதிக்கு ஜோடி கிடையாது, அதனால கலைக்க ஆள் இல்ல, அப்படியே காப்பியாகிப் போகும். ஆனா அப்பழுக்கில்லாத காப்பியா இருந்தா உலகத்துல எல்லா ஆம்பளைக்கும் ஒரே ஒய்தான் இருக்கும், யாரையும் பிரிச்சு சொல்ல முடியாது. பிரிச்சுக் காட்டறது அந்த காப்பியில வர்ற தப்பு.

அந்த தப்பு எப்படி வருதுன்னு பாருங்க, அவ்ளோ அழகு. பரீட்சைக்கு முன்னாடி பாட்டி 108 தடவை ஸ்ரீராமஜெயம் எழுதச் சொல்வாங்கல்ல? எழுதிட்டே இருக்கறப்ப வெளிய யாரோ கூப்பிடறாங்க, போயிட்டு வந்து உக்காந்தா எங்க விட்டோம்னு தெரியாது, ஏன்னா எல்லா வரியும் ஒரே மாதிரி. ஒண்ணு கூட எழுதியிருப்போம், இல்ல ஒண்ணு குறைச்சிருப்போம். அதுவே ஒரு கட்டுரைய காப்பி பண்ணிட்டிருந்தா இப்படி ஆகாது, எந்த இடத்துல நிறுத்தினோம்னு கண்ணு கண்டுபிடிச்சுடும். டி.என்.ஏ-லயும் ஸ்ரீராமஜெயம் பக்கங்கள் இருக்கு. ஜி-ஏ-டி-ஏ, ஜி-ஏ-டி-ஏன்னு நாலெழுத்து வார்த்தை பத்து, பதினஞ்சு, இருபது தடவை வரிசையா வரும். காப்பி பண்ற என்சைம் அதுமேல ஓடிட்டே இருக்கறப்ப, புதுசா எழுதின இழை ஒரு நொடி பழைய இழைய விட்டு பிரிஞ்சு திரும்ப ஒட்டும். எங்க ஒட்டினாலும் எழுத்து பொருந்திடும்ல, அதான் வினையே. ஒரு வார்த்தை தள்ளி ஒட்டிடும், நடுவுல குட்டியா ஒரு வளையம் புடைச்சுக்கிட்டு நிக்கும். புது இழையில புடைச்சா எண்ணிக்கை ஒண்ணு கூடிடும், பழைய இழையில புடைச்சா ஒண்ணு குறைஞ்சிடும். 13 இருந்தது 14 ஆயிடும், மகனுக்கு அந்த 14 போகும், அவன் மகனுக்கும் 14தான்.

ஒரு இடத்துல இந்த தப்பு வர சராசரியா சில நூறு தலைமுறை ஆகும். ஆனா இப்படி நிறைய இடங்கள் இருக்கு, எல்லாத்தோட எண்ணிக்கையையும் வரிசையா எழுதினா சூட்கேஸ் லாக் நம்பர் மாதிரி ஒண்ணு கிடைக்கும், 13, 25, 14, 11ன்னு. ரெண்டு பேரோட நம்பர் எவ்ளோ ஒத்துப்போகுதோ அவ்ளோ கிட்டத்துல பொது முப்பாட்டன் இருக்கார்னு அர்த்தம். எண்ணத் தெரியாத ஒரு என்சைம், நமக்கு காலண்டரா உதவுது!

2006ல டப்ளின் ட்ரினிட்டி கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 17 இடங்கள்ல இப்படி எண்ணிப் பாத்தாங்க. அயர்லாந்தோட வடமேற்கு மூலையில அஞ்சுல ஒரு ஆம்பளைகிட்ட கிட்டத்தட்ட ஒரே நம்பர். அதுவும் நயல் வம்சம்னு பழைய வம்சாவளி சொல்ற கல்லகர், ஓ'டானல், டோஹர்ட்டி மாதிரி பேருங்க இருக்கறவங்ககிட்ட ஜாஸ்தி. ஒரே ஆளோட ஒய் இவ்ளோ பரவுமான்னு கேட்டா, 1423ல செத்த டர்லோ ஓ'டானல்ங்கற பிரபுவுக்கு 14 மகன், 59 பேரன்னு கணக்கு இருக்கு, அந்த ஊர் சட்டத்துல கல்யாணத்துக்கு வெளிய பொறந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு. அதிகாரம் இருந்தா ஒய்யும் பெருகும். எம்-222ன்னு ஒரு ஒத்தை எழுத்து மாற்றமும் இந்தக் கூட்டத்துக்கு அடையாளமா கிடைச்சுது, பேப்பர்காரங்க 'நயல் ஜீன்'னு கொண்டாடினாங்க.

கொண்டாட்டம் ரொம்ப நாள் நிக்கல. பின்னாடி முழு ஒய்யையும் படிச்சு கணக்கு போட்டப்ப எம்-222 நயலுக்கு முன்னாடியே பொறந்துட்டதா தெரிஞ்சுது, அதாவது அவர் அந்தக் கூட்டத்துல ஒருத்தரா இருந்திருக்கலாம், ஆரம்பிச்சு வச்சவர் இல்ல. இதைவிட பெரிய கூத்து, நயல் பேரையே வச்சிருக்கற ஓ'நீலுங்கள்ல ஒரு பெரிய கூட்டத்துக்கு எம்-222வே கிடையாது!

பேரும் ஒய்யும் ஒண்ணா வந்த சங்கிலி எங்க அறுந்துச்சு? எந்த தலைமுறைன்னு யாரும் கை காட்ட முடியாது, ஆனா எப்படியெல்லாம் அறும்ங்கறதுக்கு இந்தக் குடும்பத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. 16ஆம் நூற்றாண்டுல கான் ஓ'நீல்னு ஒரு தலைவர், 1542ல இங்கிலாந்து ராஜாகிட்ட பணிஞ்சு டைரோன் பிரபு பட்டம் வாங்கினவர். டன்டாக் ஊர்ல கெல்லின்னு ஒரு கொல்லர், அவர் வீட்ல மேத்யூன்னு ஒரு பையன். பையனுக்கு சுமார் 16 வயசு ஆனப்ப அவன் அம்மா அவனை கான் முன்னாடி கொண்டாந்து நிறுத்தி இவன் உங்க பிள்ளைன்னாங்க. கான் ஒரு கேள்வி கேக்காம ஏத்துக்கிட்டார், வாரிசாவும் ஆக்கினார். கானோட இன்னொரு மகன் ஷேன் விடுவாரா? இவன் கொல்லன் மகன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தார், 1558ல ஷேனோட ஆளுங்க மேத்யூவ கொன்னாங்க. அந்த மேத்யூவோட மகன்தான் ஹியூ ஓ'நீல், இங்கிலாந்த ஒன்பது வருஷம் போர்ல ஆட்டிப் படைச்சவர். அவர் ஒய் ஓ'நீல் ஒய்யா கெல்லி ஒய்யான்னு அன்னிக்கு யார் கவலப்பட்டா? பேர் கொடுத்தாச்சு, அவ்ளோதான்.

அந்த ஹியூவோட பேர் ஊர் விட்டு ஊர் கிளம்புது. 1601ல கின்சேல்ல தோல்வி, 1603ல சரண், 1607 செப்டம்பர்ல ரத்முல்லன் கரையில கப்பல் ஏறிட்டார், 1616ல ரோம்ல செத்தார், அங்கயே புதைச்சாங்க. கூட போனவங்களும் பின்னாடி போனவங்களும் ஸ்பெயின் ராணுவத்துல சேர்ந்தாங்க, ஆர்துரோ ஓ'நீல்னு ஒருத்தர் 1781ல இருந்து ஸ்பெயினோட மேற்கு ஃப்ளோரிடாவுக்கு கவர்னர். போர்ச்சுகல்ல ஒரு கிளை, அதுல 20ஆம் நூற்றாண்டுல அலெஷாந்த்ரே ஓ'நீல்னு பெரிய கவிஞர். 1845க்கு அப்புறம் உருளைக்கிழங்கு பஞ்சம், பத்து லட்சம் பேர் செத்தாங்க, அதைவிட ஜாஸ்தி பேர் கப்பல் ஏறினாங்க, அமெரிக்காவுல இந்தப் பேர் நிறைஞ்சது அந்தக் கூட்டத்தாலதான்.

நடுவுல ஒரு புலம்பல். இந்த வம்சத்தையெல்லாம் காகிதத்துல தேடலாம்னா 1922 உள்நாட்டுப் போர்ல டப்ளின் ஆவணக் காப்பகம் எரிஞ்சு பல நூற்றாண்டு பதிவு சாம்பலாயிடுச்சு. மத்த இடங்கள்ல இருந்த பிரதிகள தேடிப் பிடிச்சு கம்ப்யூட்டர்ல திரும்ப கட்டி 2022ல திறந்தாங்க, அரசாங்கம் காசு கொடுத்துச்சு. இதுக்கெல்லாம் காசு கொடுக்கறது வீண்னு சொல்றவங்கதான் எச்சில் துப்பி ட்யூப்ல அனுப்பி 'நீங்க ராஜா பரம்பரை'ன்னு சர்டிஃபிகேட் வாங்கி ஃப்ரேம் போட்டு மாட்டறாங்க. 30 தலைமுறை பின்னாடி போனா உங்க மரத்துல 107 கோடி இடம், அதுல ஒய் சொல்றது ஒரே ஒரு இடத்தப் பத்தி. மீதி இடத்துல மாடு மேய்ச்சவங்க, மீன் பிடிச்சவங்க, அந்த டன்டாக் கொல்லர் மாதிரி இரும்படிச்சவங்க எல்லாம் இருக்காங்க, அவங்களுக்கு யார் ஃப்ரேம் போடறது?

வாசகர் கேள்விக்கு திரும்பறேன், எல்லா ஓ'நீலும் ஒரே குடும்பமா? ஹியூ கப்பல் ஏறினப்ப அயர்லாந்த ஆண்டுட்டிருந்த இங்கிலாந்து அதிகாரி ஆர்தர் சிசெஸ்டர். ஓ'நீல் நிலத்தையெல்லாம் பிடுங்கி இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆளுங்கள குடியேத்தினதுல முக்கியமான ஆள். அவரோட தம்பி வழி ஆண் வாரிசுகள்ல வில்லியம் சிசெஸ்டர்னு ஒருத்தர், பெண் வழியில ஓ'நீல் சொந்தம், அந்த வழியில ஒரு பெரிய ஓ'நீல் எஸ்டேட் அவருக்கு வந்துச்சு, 1855ல பேரையும் ஓ'நீல்னு மாத்திக்கிட்டார். அந்தக் குடும்பத்துல வந்தவர்தான் 1963ல இருந்து 1969 வரைக்கும் வட அயர்லாந்து பிரதமரா இருந்த டெரன்ஸ் ஓ'நீல். அவர் ஒய்ய எண்ணிப் பாத்திருந்தா வந்திருக்க வேண்டியது சிசெஸ்டர் நம்பர்.