"வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்று இனி சொல்லாதீர்கள்

போன ஐப்பசியில் தேவிபட்டினத்துக்கு மேற்கே ஒரு வயலைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஒன்றரை ஏக்கர் நெல்; மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பு. மழை விழுந்து பத்து நாளாகியும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் முளைத்திருந்தது. விதைத்தவர் ஓர் அக்கா. கணவர் கடலுக்குப் போகிறவர். விதைப்பு, களையெடுப்பு, அறுப்பு எல்லாம் அக்காவின் பாடு. விதை எங்கே வாங்கினீர்கள் என்றேன். கடையில் சாக்கிலிருந்து அள்ளிக் கொடுத்த நெல்லாம். பில் இல்லை, விதைப் பையில் இருக்க வேண்டிய அட்டையும் இல்லை.

"முதல்ல விவசாய ஆபீசுக்குத்தான் மேடம் போனேன். பட்டா மாமனார் பேர்ல இருக்கு, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கன்னாங்க. அவுக வர்ற வரைக்கும் மழை காத்திருக்குமா?"

விதைத் துறையில் வேலை பார்க்கும் எனக்கு ஒவ்வொரு பருவத்திலும் இதே கதை வருகிறது. இனியும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விவசாயி என்ற நினைப்பை முதலில் விடுங்கள். பட்டா, நிலம் யாருடையது என்று சொல்லும். இந்தப் பருவத்தில் அதில் என்ன பயிர், யார் சாகுபடி செய்கிறார்கள் என்று சொல்வது அடங்கல். அதை எழுதுபவர் கிராம நிர்வாக அலுவலர். மாமனார் இறந்து எத்தனை வருஷம் ஆனாலும் பட்டா அவர் பெயரிலேயே கிடக்கிறது. அதைக் காட்டி மருமகளைத் திருப்பி அனுப்புகிறோம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே கணவனை இழந்த பெண் வாரிசுதான். மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989லேயே திருத்தியது. ஆனால் பட்டா மாறுவதில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாட்டில் நூறு பண்ணைகளுக்குச் சுமார் பதினான்குதான் பெண்கள் பெயரில் இருந்தன. வயலில் இறங்கிப் பாருங்கள், பதினான்கு பேரா நிற்கிறார்கள்?

பெண்களுக்கு விதையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களும் உண்டு. 2023ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு, விதைக்கான பழத்தைப் பார்த்து ஒதுக்குவது யார்? காயவைத்து, பூச்சி விழாமல் அடுத்த பருவம்வரை காப்பது யார்? பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009ல் வந்த அண்ணா 4 நெல், நூறு நாளை ஒட்டி அறுப்புக்கு வரும்; வறட்சியையும் தாங்கும். மானாவாரிக்கு ஏற்ற இந்த ரகத்தைப் பற்றி டீக்கடையில் ஆண்களிடம் சொல்லிவிட்டு வந்தால் வயலுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

சரி, அக்காமார்களே, உங்களுக்கும் சொல்கிறேன். சாக்கில் அள்ளிய நெல்லை வாங்காதீர்கள். நீல அட்டை என்றால் சான்று விதை. நெல்லில் நூற்றுக்கு எண்பதாவது முளைக்க வேண்டும். காலாவதி தேதியைப் பாருங்கள். பில்லை உங்கள் பெயரிலேயே கேளுங்கள். அட்டை, பை, ஒரு பிடி விதை மூன்றையும் அறுப்பு வரை பத்திரமாக வையுங்கள். இவை இல்லாமல் விதை ஆய்வாளரிடம் வந்தால், மனசு இருந்தாலும் நான் என்ன செய்ய முடியும்?

வீட்டு விதையோ, பக்கத்து வீட்டில் மாற்றிய விதையோ, தாராளமாக விதையுங்கள். சட்டம் அதைத் தடுக்கவில்லை. விதைப்பதற்கு முன் நூறு விதையை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். எட்டாம் நாள் எண்பதுக்குக் கீழே இருந்தால் அதைச் சோற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கடலுக்குப் போகும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வேளாண்மைத் துறையில் பதிந்திருப்பது உங்கள் போன் நம்பர். விதை வந்திருக்கிறது என்ற செய்தி உங்களோடு கடலுக்குப் போய்விடுகிறது. ஆவணி பிறப்பதற்குள் வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய், உங்கள் வீட்டில் விதைக்கிறவரின் நம்பரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.