நாத்தம் போயிட்டா மீத்தேனும் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லைங்க

போன வாரமும் அதே போன். "சார், சேத்துல சுண்ணாம்பு போட்டாச்சு, நாத்தம் சுத்தமா நின்னுடுச்சு, இனிமே மீத்தேன் வாயு வராதுல்ல?" இதையே எத்தனை பேருக்குத்தான் தனித்தனியா சொல்றது, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

மீத்தேனுக்கு வாசனையே கிடையாதுங்க. துளிகூட கிடையாது. உங்க மூக்குக்குத் தெரிஞ்ச அந்த அழுகின முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு, அது வேற ஆளு. சேத்தோட பிஹெச் (அமில-கார அளவு, 7க்குக் கீழ அமிலம், மேல காரம்) 5.5ல இருந்து 7.5க்கு ஏறினா அந்த சல்பைடுல முக்கால்வாசி தண்ணியிலயே அயனியா கரைஞ்சு நின்னுடும், காத்துக்கு வராது, நீங்களும் நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவீங்க. ஆனா மீத்தேன் உண்டாக்குற நுண்ணுயிரிங்க நல்லா செழிக்கிறது எங்க தெரியுமா? அதே 6.5ல இருந்து 7.5 வரைக்கும். அதாவது நாத்தத்தை நிறுத்தி, மீத்தேனுக்கு வசதி பண்ணிக் குடுத்திருக்கீங்க.

அந்த இடத்துக்கு நானே போனேன். தண்ணி நிரப்பின பாட்டிலை ஒரு புனல் மேல கவுத்து முக்கிப் பிடிச்சுக்கிட்டு, கீழ சேத்துல ஒரு குச்சியால குத்தினா குபுகுபுன்னு குமிழி வந்து பாட்டில்ல இருந்த தண்ணி இறங்கிக்கிட்டே போகுது. மோந்து பாத்தா ஒரு வாடையும் இல்ல. மீட்டர்ல பாத்தா பெரும்பங்கு மீத்தேன்.

அவங்க போட்டது சுண்ணாம்புக்கல் பொடி. அதை எத்தனை மூட்டை கொட்டினாலும் பிஹெச் சுமார் 8.3க்கு மேல ஏறாது, அதுவும் அமிலச் சேத்துல கரையறப்ப அதுவே கார்பன் டை ஆக்சைடு விடும், ஒரு டன் முழுசா கரைஞ்சா 440 கிலோ. நுண்ணுயிரிங்க வேலைய நிறுத்தணும்னா நீத்த சுண்ணாம்பு, அதாவது சுட்ட சுண்ணாம்புல தண்ணி ஊத்தினது வேணும், அது பிஹெச்சை 12 வரைக்கும் ஏத்தும், வர்ற கார்பன் டை ஆக்சைடையும் பிடிச்சு திரும்பக் கல்லாக்கும். ஆனா மேல தூவிட்டு வந்தா பிரயோஜனம் இல்ல, அடிச்சேறு அப்படியேதான் இருக்கும், கலக்கி விடணும். கலக்கினாலும் நாளாக நாளாக பிஹெச் இறங்கும், நுண்ணுயிரிங்க திரும்ப ஆரம்பிக்கும்.

இன்னொண்ணு யாருமே கேக்க மாட்டேங்கிறாங்க. ஒரு டன் சுட்ட சுண்ணாம்பு தயாராகுறப்ப கல்லுல இருந்து மட்டும் சுமார் 785 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிய போகுது, சூளை எரிக்கிறது தனி. மீத்தேன் பூமிய சூடாக்குறது 100 வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடை விட 27 மடங்குன்னு எடுத்தா, டன்னுக்கு 29 கிலோ மீத்தேனாவது நின்னாதான் அந்தக் கல்லோட கணக்கே நேராகும். பிறகு சேத்துல கொஞ்சம் திரும்ப உறிஞ்சும், சரி, ஆனா முதல்ல கணக்குப் போட்டுட்டு வாங்க.

மீன் இருக்குற தண்ணியில நீத்த சுண்ணாம்பைக் கொட்டாதீங்க, தயவுசெஞ்சு. பிஹெச் 9.3 கிட்ட வந்தாலே கரைஞ்சிருக்கிற அமோனியத்துல பாதி, விஷமான அமோனியாவா மாறிடும். சுட்ட சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்கும், அதனால கண்ணாடி, கையுறை இல்லாம மூட்டையப் பிரிக்கவே கூடாது. கண்ணுல பட்டா தேய்க்காம உடனே ஓடுற தண்ணியில குறைஞ்சது 20 நிமிஷம் கழுவிட்டு நேரா டாக்டர்கிட்ட போங்க. பிஹெச் இறங்காத தண்ணிய வெளிய திறந்து விடாதீங்க, கீழ இருக்குறவங்களும் அதே தண்ணியத்தான் நம்பி இருக்காங்க.

அடுத்த தடவை போன் பண்றதுக்கு முன்னாடி சேத்தோட பிஹெச் பாருங்க, தண்ணியோடது இல்ல, சேத்தோடது. போடுறதுக்கு முன்னாடியும், போட்டு ஒரு மாசம் கழிச்சும், அதே இடத்துல புனலும் பாட்டிலும் வச்சு அளந்து அந்த ரெண்டு அளவையும் கையில வச்சுக்கிட்டு கூப்பிடுங்க.