தயிர் அரிக்காத பல்லை எலுமிச்சை அரிப்பது ஏன்?

பல் கூச்சம் என்று சொல்லி ஒரு அம்மா வந்திருந்தார். பானைத் தண்ணீர் பட்டாலே சுளீர் என்கிறதாம். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன், சொத்தை எதுவும் இல்லை. ஆனால் கடைவாய்ப் பல்லில் எப்போதோ அடைத்திருந்த வெள்ளி ஃபில்லிங், பல்லின் மட்டத்தைவிட உயர்ந்து திட்டு மாதிரி நின்றது. ஃபில்லிங் வளராது. சுற்றியிருந்த பல்தான் கரைந்து இறங்கியிருந்தது. முன்பற்களின் நுனியோ, பின்னால் கருவியை வைத்தால் நிழல் தெரியும் அளவுக்கு மெலிந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

"காலையில எழுந்ததும் என்னம்மா குடிக்கிறீங்க?"

"வெந்நீர்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, தேன் விட்டு குடிப்பேன் டாக்டர். நாலு வருஷமா. உடம்பு குறையும்னாங்க."

குடித்த கையோடு பல் துலக்குவாராம்.

பல்லின் மேல் ஓடான எனாமலில், எடைக்கணக்கில் சுமார் 96 சதவீதம் தாது. ஹைட்ராக்சிஅபடைட் என்று பெயர். கால்சியம், பாஸ்பேட், ஹைட்ராக்சில் அயனிகள் நெருக்கமாக அடுக்கிய படிகம் அது. புளிப்பு வாய்க்குள் போனதும் அதிலுள்ள ஹைட்ரஜன் அயனி ஹைட்ராக்சிலைப் பிடித்துத் தண்ணீராக்கிவிடும். பாஸ்பேட்டையும் விடாது. துணை போன கால்சியம் கரைந்து உமிழ்நீரோடு போய்விடும். வாயில் அமிலத்தின் அளவைக் காட்டும் பி.எச். எண் சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினாலே இது தொடங்கிவிடும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2 முதல் 2.5 வரை. ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்று அர்த்தம். போதாததற்கு, எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் கால்சியத்தை இடுக்கி போலக் கவ்வி இழுக்கவும் செய்யும்.

சரி, தயிரும் புளிப்புதானே? அதன் பி.எச். 4-லிருந்து 4.5 வரை இருக்கும். கணக்குப்படி அதுவும் பல்லை அரிக்க வேண்டும். அரிப்பதில்லை. ஏற்கெனவே உப்பு நிறையக் கரைந்த தண்ணீரில் இன்னொரு பிடி உப்பைப் போட்டால் அது அப்படியே அடியில் கிடக்கும் இல்லையா? அதே கதைதான். தயிரில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் எனாமலின் கால்சியம் கரைய அங்கே இடமில்லை. எலுமிச்சைத் தண்ணீரில் அந்தக் காவல் கிடையாது.

உமிழ்நீரும் இதே காவலைத்தான் செய்கிறது. தூக்கத்தில் அது மிகக் குறைவாகவே சுரக்கும். எழுந்ததும் காய்ந்து கிடக்கும் வாயில் எலுமிச்சையை ஊற்றுவதை நினைத்தால் எனக்கு மனசு பதறுகிறது. அமிலம் பட்டதும் எனாமலின் மேல் படலம் இளகிப்போகும். நேரம் கொடுத்தால் உமிழ்நீரிலுள்ள கால்சியம் ஓரளவு திரும்பப் படியும். அதற்குள் பிரஷ்ஷால் தேய்த்தால் இளகியதெல்லாம் வழிந்து போகும். அதனால் புளிப்பு சாப்பிட்டால் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒரு மணி நேரமாவது கழித்துப் பல் துலக்குங்கள்.

"நல்ல பேஸ்ட்தானே போடுறேன்" என்பார்கள். புளோரைடு, ஹைட்ராக்சிலின் இடத்தில் உட்கார்ந்து படிகத்தை உறுதியாக்கும், உண்மைதான். அப்படி உறுதியான தாதுவும் சுமார் 4.5 வரைதான் தாங்கும். எலுமிச்சை அதற்கும் வெகு கீழே. வெள்ளீய அயனியும் சேர்ந்த ஸ்டானஸ் புளோரைடு பேஸ்ட் அமிலத்துக்கு எதிராக ஒரு மெல்லிய படலம் போடும். அரிப்பு தொடங்கியவர்களுக்கு அதைத்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். சிறுவயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களில் பலருக்குப் பல்லில் பழுப்புத் திட்டுகள் இருக்கும். எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்த்தால் அது போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல் உருவாகும்போதே எனாமலில் விழுந்த குறை அது. தேய்த்தால் கறை இருக்கும், பல்தான் போகும். இரும்புச்சத்து டானிக் குடிக்கும் குழந்தைகளின் பல்லில் வரும் கறுப்பு வேறு வகை. அது மேலே படிந்த இரும்பு, எனாமலைத் தின்னாது, நாங்களே சுத்தம் செய்துவிடுவோம். அதற்கும் எலுமிச்சை வேண்டாம்.

அந்த அம்மாவுக்குக் குழி விழுந்த இடங்களைப் பல் நிறத்திலேயே அடைத்துவிட்டேன். போன எனாமல் திரும்ப வளராது. அதை உண்டாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. கிளம்பும்போது, "தேன் மட்டும் விட்டுக் குடிக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார். தேனும் புளிப்புச் சேர்ந்ததுதான், கூடவே சர்க்கரை வேறு. வெறும் வெந்நீரே போதும் அம்மா என்று சொல்லி அனுப்பினேன்.