காசு வாங்காமல் கொடுத்தாலும் அது அடுத்தவர் பாட்டு

இந்த ஆண்டில் என்னிடம் வந்த மூன்றாவது வழக்கு இது. காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் கைபேசி பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்), கடை வாசலில் ‘பென்டிரைவ், மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று பலகை மாட்டியிருந்தார். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் காரில் வருகிறவர்கள், ஊருக்குத் திரும்பும் வழியில் கேட்பதற்கென்று ஐம்பது ரூபாய் கொடுத்துப் பாட்டு ஏற்றிக்கொண்டு போவார்கள். இசை நிறுவனம் ஒன்றின் சார்பில் புகார் வந்தது. கடைக் கணினியும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளும் காவல் நிலையத்துக்குப் போயின. மறுநாள் காலை என் அலுவலகத்துக்கு வந்த அவருடைய தாயார், “பாட்டு ஏத்திக் கொடுத்ததுக்கெல்லாமா, வக்கீலம்மா, பிள்ளைய உள்ள வைப்பாக?” என்று கேட்டார்.

வைப்பார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவின்படி, தெரிந்தே பதிப்புரிமையை மீறுகிறவருக்கும் அதற்குத் துணை போகிறவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இந்தக் குற்றத்துக்கு வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம் என்றும், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது என்றும் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. ‘குண்டர் சட்டம்’ என்று நாம் அழைக்கும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2004இல் ‘வீடியோ பைரேட்’ என்ற வகையைச் சேர்த்தார்கள். அந்த வகை திருட்டு வி.சி.டி. விற்றவர்களோடு நின்றுவிடுகிறது என்று நினைக்க வேண்டாம். திரைப்படத்தின் ஒலித்தடத்தில் ஒரு பகுதியைக் கொண்ட பதிவையும் அதன் வரையறை உள்ளடக்குகிறது. திரைப்பாட்டு என்பது அதுதானே.

இதற்கு முன் வந்த வழக்கு, டெலிகிராமில் பாட்டுச் சேனல் நடத்திய கல்லூரி மாணவர் ஒருவருடையது. அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “நான் யாருகிட்டயும் ஒத்தப் பைசா வாங்கலையே.” கடைக்காரரோ, தான் வாங்கிய ஐம்பது ரூபாய் ஏத்துக்கூலி என்றும், பாட்டுக்குக் காசு வாங்கவில்லை என்றும் சொன்னார். மனுவுக்கு மனு, ஆளுக்கு ஆள் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஆகவே இதை மட்டும் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

பதிப்புரிமைச் சட்டம் ‘இலாபம் பார்த்தாயா’ என்று தொடங்குவதில்லை. ‘உரியவரின் அனுமதி இருந்ததா’ என்றே தொடங்குகிறது. வியாபார இலாபத்துக்காகச் செய்யப்படாத மீறல் என்றால், தகுந்த, சிறப்பான காரணங்களைத் தீர்ப்பில் எழுதிவைத்து, ஆறு மாதத்துக்கும் குறைவான தண்டனையும் ஐம்பதாயிரத்துக்கும் குறைவான அபராதமும் நீதிமன்றம் விதிக்கலாம் என்று 63ஆம் பிரிவே ஒரு சலுகை தருகிறது. தண்டனையைக் குறைக்கலாம் என்று சட்டம் சொன்னாலே, குற்றம் நடந்துவிட்டது என்று அது ஒப்புக்கொண்டுவிட்டதாகப் பொருள். காசு வாங்காதது உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது. தண்டனை பற்றிய வாதத்தின்போது உங்கள் வழக்கறிஞர் சொல்வதற்கு ஒரு செய்தி கிடைக்கும், அவ்வளவுதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. செட்டிநாட்டில் வழக்கறிஞர் தொழில் செய்கிற எல்லோரும் பாகப்பிரிவினை வழக்கு பார்த்திருப்போம். பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டுக்கு இருபது பங்காளிகள் இருப்பார்கள். சிலர் சென்னையில், சிலர் சிங்கப்பூரில். உள்ளூரில் இருக்கும் ஒருவர், மற்றவர்கள் கையெழுத்தில்லாமல் வளவிலிருந்து (வீட்டின் உள்முற்றத்திலிருந்து) ஒரு தேக்குத் தூணைக் கழற்றி அடுத்த தெருக்காரருக்கு இனாமாகவே கொடுத்தாலும், “இனாமாகத்தானே கொடுத்தார்” என்று மற்ற பத்தொன்பது பேரும் சும்மா இருப்பார்களா? பாட்டும் அப்படிப் பலருக்குப் பங்குள்ள கூட்டுச் சொத்துதான். வரிகளை எழுதியவருக்கு ஓர் உரிமை, மெட்டமைத்தவருக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குச் செலவழித்த நிறுவனத்துக்கு ஓர் உரிமை, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை. பதிவிறக்கி அனுப்புகிறவர் இந்தப் பங்காளிகளில் ஒருவர்கூட இல்லை.

தொழில்முறையில் ஒரு சிறு குறிப்பு: செய்தித்தாள்களில் ‘பாடல் காப்புரிமை’ என்று எழுதுகிறார்கள். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கு உரியது. பாட்டுக்கு உரியது பதிப்புரிமை. இந்தக் குழப்பத்தால், “நாங்கள் பதிவே செய்யவில்லையே, எங்களுக்கு ஏது உரிமை” என்று பாட்டெழுதுகிறவர்களே என்னிடம் வந்து கேட்கிறார்கள். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. எழுதி முடித்த கணத்தில் அது பிறந்துவிடுகிறது.

இனி, நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கம். ‘பதிவிறக்கினாலே மூன்று ஆண்டு சிறை’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பயமுறுத்தல் அப்படியே உண்மையல்ல. சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகைக்கு 52ஆம் பிரிவு விலக்கு தருகிறது. திருட்டுப் பிரதியைப் பார்ப்பது மட்டுமே குற்றமாகாது; அனுமதியின்றி விநியோகிப்பதும், பொதுவில் காட்டுவதும், விற்பதும், வாடகைக்கு விடுவதுமே குற்றம் என்று 2016இல் திரைப்பட வழக்கு ஒன்றில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் விளக்கினார். ஆனால் கேட்பதும் பார்ப்பதும் வேறு, நகலெடுத்து வைத்துக்கொள்வது வேறு. ஒலிப்பதிவை மின்னணு முறையில் சேமிப்பதும் உரிமையாளருக்கே உரியது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சட்டமே சொல்கிறது. விலைக்கும், விளம்பரத்தோடு இலவசமாகவும் முறையாகக் கிடைக்கும் ஓர் ஆல்பத்தைத் திருட்டுத் தளத்திலிருந்து முழுதாக எடுத்து வைத்துக்கொண்டவருக்காக, ‘இது நியாயமான கையாளுகை’ என்று நான் வாதாடலாம். வெல்வோம் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். டொரன்ட் வழியாக எடுத்தவருக்கு அந்த வாதமும் மெலிந்துபோகும். உங்களுக்கு வந்துசேரும் துண்டுகளை உங்கள் கணினி அதே நேரத்தில் முன்பின் தெரியாத பலருக்கு அனுப்பிக்கொண்டிருப்பதால், நீங்கள் வாங்குகிறவர் மட்டுமல்லர், விநியோகிக்கிறவரும் ஆகிவிடுகிறீர்கள்.

‘பழைய பாட்டுதானே’ என்பது அடுத்த சமாதானம். ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம், வெளியான ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள். 1960இல் வெளியான இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது உண்மை. ஆனால் பாடல் வரிகளுக்கு உரிமைக் காலம், எழுதியவர் மறைந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள். நம் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் மறைந்தது 1981இல். அவர் வரிகள் 2041 முடியும் வரை உரிமைக்கு உட்பட்டவை. எம்.எஸ்.விசுவநாதன் மறைந்தது 2015இல்; அவர் மெட்டுகளுக்கு 2075 வரை உரிமை உண்டு. ஒரே பாட்டுக்குள் மூன்று தனித்தனிக் கணக்குகள். ஒன்று தீர்ந்ததாலேயே மற்றவை தீர்ந்துவிடாது.

பாரதி பாட்டு பொதுவாயிற்றே என்று கேட்பவர்கள், அது எப்படிப் பொதுவாயிற்று என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமையை விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தவர் காரைக்குடியில் பிறந்த ஏ.வி.மெய்யப்பச் செட்டியார். பாரதியின் படைப்புகளை 1949இல் அரசு எடுத்துக்கொள்ள முன்வந்தபோது, தாம் காசு போட்டு வாங்கிய உரிமையைப் பணம் பெறாமலே அவர் விட்டுக்கொடுத்தார். உரிமை உள்ளவர் மனமுவந்து கொடுத்ததால் அது பொதுவாயிற்று. யாரோ நகலெடுத்துப் பரப்பியதால் அல்ல. அப்படிப் பொதுவான பிறகும், பாரதி வரிகளுக்கு இன்று ஒருவர் புது மெட்டமைத்துப் பதிவு செய்தால், அந்த மெட்டும் அந்த ஒலிப்பதிவும் அவருடையவை.

சட்டத்தை விட்டுவிட்டு நியாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேவகோட்டைப் பக்கத்துப் பக்திப் பாடகர் ஒருவர், நகையை அடகு வைத்து, மதுரையில் ஒலிப்பதிவுக்கூடம் எடுத்து, எட்டுப் பாட்டுகள் பதிவு செய்தார். திருவிழாவில் குறுந்தகடாகவும் இணையத்திலும் விற்றுக் கடனை அடைக்கலாம் என்பது அவர் கணக்கு. வெளியான நாலாம் நாள் எட்டுப் பாட்டும் ஊர்க் குழுக்கள் அத்தனையிலும் சுற்றின. அவரை எல்லோரும் வாயாரப் பாராட்டினார்கள். தகடு வாங்கியவர்கள் மட்டும் மிகச் சிலர். ஏன் இப்படி அனுப்பினீர்கள் என்று குழு ஒன்றை நடத்துகிறவரைக் கேட்டதற்கு, “சாமி பாட்டுக்கெல்லாமா காசு கேப்பாக?” என்றாராம். சாமிக்கு மாலை கட்டுகிறவருக்குக் கூலி கொடுக்கிறோம், நாகஸ்வரக்காரருக்குச் சம்பளம் பேசுகிறோம். பாடியவருக்கு மட்டும் ஏன் கொடுக்கக் கூடாது? அந்தப் பாடகரோ, யார் மீதும் வழக்குப் போட வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். எல்லோரும் அவருக்கு வேண்டியவர்கள். அந்த நகை இன்னும் மீட்கப்படவில்லை.

“பெரிய கம்பெனிகளுக்குத்தானே நட்டம்” என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திரைப்பாட்டை எழுதியவரும் மெட்டமைத்தவரும் நெடுங்காலம் ஒரு தடவை வாங்கிய சம்பளத்தோடு நிற்க வேண்டியிருந்தது. உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வந்த பிறகுதான், திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும் போதெல்லாம் வரும் உரிமத்தொகையில் அவர்களுக்குச் சம பங்கு என்பதும், அதை அவர்கள் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்பதும் சட்டமாயின. முறையான செயலியில் கேட்கும்போது கணக்கில் ஏதோ சிறு தொகையாவது ஏறும். திருட்டுக் கோப்பில் எதுவும் ஏறாது. ஐந்தொகை எழுதிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கல்யாண வீட்டார் பயப்பட வேண்டாம். கல்யாணத்திலும் மாப்பிள்ளை அழைப்பிலும் பாட்டுப் போடுவதற்கு 52ஆம் பிரிவில் விலக்கு உண்டு. கல்யாணத்துக்கு உரிமத்தொகை கேட்கக் கூடாது என்று 2023 ஜூலையில் ஒன்றிய அரசும் அறிவித்தது. ஆனால் அதே பாட்டைக் கல்யாண வீடியோவில் ஒட்டி யூடியூபில் ஏற்றும் ஸ்டுடியோக்காரருக்கு இந்த விலக்கு துணை வராது. பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக்கி, முற்றத்தில் நாள் முழுக்கப் பாட்டு ஒலிக்கவிடும் அன்பர்களும் கவனிக்க வேண்டும்: குடியிருப்போரின் பொதுக்கூடத்துக்குத் தரப்படும் விலக்கில் ஓட்டல்கள் சேராது என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. உரிமம் வாங்குங்கள். அதையும் எழுத்தில் வாங்குங்கள். கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடும் ஊரில், ‘போனில் பேசி அனுமதி வாங்கிவிட்டேன்’ என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

பாட்டுக் குழு நடத்தும் பிள்ளைகளே, கோப்பை அனுப்பாமல் முறையான தளத்தின் இணைப்பை அனுப்புங்கள். உங்கள் நண்பர்கள் கேட்கப்போவது அதே பாட்டைத்தான். முப்பது விநாடிக்குக் குறைந்தால் தப்பில்லை என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். சட்டத்தில் அப்படி விநாடிக் கணக்கு எதுவும் இல்லை. ‘உரிமை எனக்கில்லை, உரியவருக்கே’ என்று கீழே ஒரு வரி போட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த வரி, தெரிந்தேதான் செய்தீர்கள் என்பதற்கு நீங்களே எழுதிக் கொடுக்கும் சாட்சி. கடைக்காரர்கள் அந்தப் பலகையை இன்றே இறக்கிவிடுங்கள். ஐம்பது ரூபாய்க் கூலிக்காக ஜாமீன் மனு போட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் தடவை தண்டனை என்றால், குறைந்தது ஓராண்டு.

ஏற்கெனவே கைப்பற்றப்பட்டுவிட்டால், நாளைக் கடத்தாதீர்கள். கைப்பற்றப்பட்ட பொருளில் உரிமையோ அக்கறையோ உள்ளவர் 15 நாளுக்குள் குற்றவியல் நடுவரிடம் மனு கொடுக்க 64ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்தத் தாயார் என்னிடம் மறுநாளே வந்ததால் மனுவைக் காலத்தோடு கொடுத்துவிட்டோம். அந்த ஹார்டு டிஸ்க்குகளில் ஒன்றில், பழுதுபார்க்கக் கொடுத்த கைபேசியிலிருந்து எடுத்து வைத்த, ஒரு குடும்பத்தின் சஷ்டியப்தபூர்த்திப் படங்கள் முழுவதும் இருக்கின்றன. வேறு பிரதி அவர்களிடம் இல்லை. வாரம் ஒரு தடவை எனக்குப் போன் செய்து, எப்போது கிடைக்கும் என்று கேட்கிறார்கள்.