ரேண்டம் சாம்பிள்: சீரற்றதா, சமவாய்ப்பா, குலுக்கலா?

பயன்பாட்டுச் சமூக ஆய்வில் முதுகலை படிக்கும் மாணவர்களின் ஆய்வேட்டுச் சுருக்கங்களைத் தமிழில் திருத்தித் தருவது சில ஆண்டுகளாக என் வேலைகளுள் ஒன்று. இந்தப் பருவத்தில் ஏழு சுருக்கங்கள் வந்தன. ஐந்தில் ஒரே வாக்கியம், எண் மட்டும்தான் வேறு: ‘120 குடும்பங்கள் சீரற்ற மாதிரி முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன.’ எல்லோரையும் கேட்க முடியாதபோது சிலரை மட்டும் எடுத்துக் கேட்பதுதான் மாதிரி; ‘ரேண்டம் சாம்பிள்’ என்பதற்கு அவர்கள் வைத்த தமிழ் ‘சீரற்ற மாதிரி’. ஐந்திலும் ‘சீரற்ற’ என்பதைச் சிவப்பு மையால் அடித்தேன். இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

‘ரேண்டம்’ பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். தலைதெறிக்க ஓடுவது, கட்டின்றிப் பாய்வது என்பது மூலப் பொருள். பிறகு குறியில்லாமல் செய்வது என்றானது. புள்ளியியலுக்குள் வந்தபோது அதன் பொருள் இறுகிவிட்டது. யார் தேர்வாவார் என்பதை ஆய்வாளரின் விருப்பமோ வசதியோ தீர்மானிக்கக் கூடாது, வாய்ப்பு மட்டுமே தீர்மானிக்க வேண்டும். அந்த வாய்ப்பு எவ்வளவு என்பதும் கணக்கில் இருக்க வேண்டும். சொல்வரலாறு இவ்வளவு போதும்.

‘சீர்’ என்றால் ஒழுங்கு. சீரற்ற சாலை, சீரற்ற இதயத் துடிப்பு என்று சொல்லும்போது ஒழுங்கு கெட்டது என்றுதான் எவருக்கும் விளங்கும். ரேண்டம் தேர்வில் எந்த ஒழுங்கு கெட்டிருக்கிறது? முதலில் ஊரிலுள்ள எல்லா வீடுகளையும் பட்டியலிட வேண்டும். விட்டுப்போனதா என்று தெருத் தெருவாக நடந்து சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் எண் தர வேண்டும். பிறகு, அடுத்து எந்த எண் வரும் என்று ஊகிக்க முடியாதபடி எண்களை நிரப்பிய அட்டவணையையோ கணினியையோ கொண்டு எடுக்க வேண்டும். இந்த வேலைக்கென்றே 1927இல் டிப்பெட் என்ற புள்ளியியலாளர் 41,600 இலக்கங்கள் கொண்ட அட்டவணை ஒன்றை வெளியிட்டார். வந்த எண்ணுக்குரிய வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடக் கூடாது. திரும்பத் திரும்ப அதே வாசலுக்குத்தான் வர வேண்டும். சமூக ஆய்வில் இதைவிடக் கண்டிப்பான வேலை குறைவு. அதற்குப் போய் ‘சீரற்ற’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

உண்மையில் சீரற்ற தேர்வு என்று ஒன்று உண்டு. பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு கண்ணில் பட்டவர்களிடம் படிவத்தை நீட்டுவது அதுதான். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் முதுகலை வகுப்பில் தொடக்கத்திலேயே சொல்லித் தரப்படும் பாடம். தமிழில் எழுதும்போது அந்த வேறுபாட்டையே அழித்துவிடுகிற சொல்லை எப்படி ஏற்பது? ஒரு மாணவி, சந்தையில் எதிர்ப்பட்ட 50 பேரைக் கேட்டுவிட்டு, ‘சீரற்ற முறை’ என்று எழுதியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. சொல் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது. 1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் லாண்டன், ரூஸ்வெல்ட் இருவரில் யார் வெல்வார் என்று கணிக்க, அந்நாட்டின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ், பெரும்பாலும் தொலைபேசி வைத்திருந்தோர், கார் வைத்திருந்தோர் பட்டியல்களைக் கொண்டு ஏறத்தாழ ஒரு கோடி அட்டைகளை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். எத்தனை பேரைக் கேட்டோம் என்பது காப்பாற்றவில்லை.

இன்னொன்றையும் நேரில் பார்த்தேன். களப்பணிக்குப் போன மாணவர் ஒருவருடன் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டு அம்மா ஒப்புதல் படிவத்தை விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். ‘தங்கள் குடும்பம் சீரற்ற முறையில்’ என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. எங்கள் குடும்பத்தில் என்ன சீர்கேட்டைக் கண்டீர்கள் என்று கேட்டார். மாணவரிடம் பதில் இல்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். இப்போது கணினியும் அதையே தருகிறது. திறந்தநிலை, உள்ளடக்கிய, தாக்கம் என்று வகைதொகையில்லாமல் இறக்கிவிடப்பட்ட சொற்களைச் சுமந்துகொண்டு நம் ஆய்வுத் தமிழ் நடக்க முடியாமல் நிற்கிறது. ஆய்வு நடந்த ஊர்க்காரர் படித்துப் பார்த்தால் விளங்குமா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

மாற்றுச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ‘தற்செயல்’ ஆகாது, திட்டமிட்டுச் செய்வதைத் தற்செயல் என்பது முரண். ஈழத்துப் பாடநூல்களில் நெடுநாளாக ‘எழுமாற்று மாதிரி’ என்று எழுதுகிறார்கள். எழும் ஆறு, அதாவது எழுகிறபடி எடுப்பது. அழகான சொல், ‘பின்வருமாறு’ போலவே கட்டப்பட்டது. தமிழகத்து வாசகருக்குப் பழக்கமில்லை என்பதைத் தவிர எனக்கு அதில் குறை தெரியவில்லை. இங்கே கணிதப் பாடநூல்கள் ‘சமவாய்ப்பு’ என்கின்றன. செய்யும் வேலையைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருப்பதால் ஆய்வேட்டில் இதையே எழுதச் சொல்கிறேன். பெரிய ஊருக்கு அதிக வாய்ப்பு, சிறிய ஊருக்குக் குறைந்த வாய்ப்பு என்று எடுக்கும் முறைகளில் ‘சம’ பொருந்தாது. அங்கே ‘வாய்ப்பு மாதிரி’ என்றால் போதும்.

மக்களிடம் பேசுவதற்கு அதுவும் வேண்டாம், குலுக்கல் இருக்கிறது. வீட்டுமனை ஒதுக்கீடு, பள்ளிச் சேர்க்கை என்று எல்லோரும் குலுக்கலைப் பார்த்தவர்கள். நமக்கு இது புதிதும் அல்ல. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையை விவரிக்கிறது: ஊரை 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதி, குடத்திலிட்டுக் கலக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு குடும்புக்கு ஒரு பெயராக எடுத்தார்கள். பகுதி பகுதியாகப் பிரித்து வாய்ப்பு முறையில் எடுப்பதை இன்றைய வகுப்பில் தனி அலகாகவே நடத்துகிறோம். அந்தக் குடவோலையைச் சீரற்ற ஓலை என்று யாராவது சொல்வார்களா?

அந்த மாணவரின் படிவத்தை அன்று மாலையே திருத்தினோம். இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: ‘உங்கள் ஊரிலுள்ள எல்லா வீடுகளின் எண்களையும் குலுக்கிப் போட்டு எடுத்ததில் உங்கள் வீட்டு எண் வந்தது.’